சிவப்புப் பக்கம்

புவனேசன் அண்ணை யோகபுரத்தில் கட்டிய வீட்டில்
குளிக்கிற தொட்டி ஒன்று இருக்கிறது.
சுவிஸில் வாங்கி, கொள்கலனில் வந்தது.
ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கலாம்.
இதுவரைக்கும் படுத்தது
விதைநெல் மூட்டை மூன்று, எலிக்குப் பயந்து.

நானும் கயலினியும் வாடகை இல்லாமல் இருக்கிறோம்.
கூட்டுவது, லைட் போடுவது,
மரநாய் கூரைக்குள் குடிபோகாமல் பார்ப்பது,
அதுதான் வாடகை.

ஆவணியில் குடும்பமாய் வருகிறார்களாம்.
"தொட்டிப் பைப் ஒழுகுதோ?" என்று கேட்டார்.
ஒழுகவில்லை அண்ணை.
திறக்கவே ஏலாமல் இறுகிக் கிடக்கு.
எங்கடை தண்ணி கேத்திலில் படிகிற மாதிரி
அதன் கழுத்தைச் சுற்றிக்
கல்லாய்ப் படிந்திருக்கு.

புதுப் பைப் பார்சலில் வந்தது.
இரண்டு பிடி. ஒன்றில் சிவப்புப் பொட்டு,
மற்றதில் நீலம்.
பிளம்பருக்கென்று தனியாகக் காசும் போட்டிருந்தார்.
அந்தக் காசைக் கயலினியின் சப்பாத்துக்கு எடுத்து வைத்தேன்.
எனக்கு லீவு பத்து நாள்.
வீட்டில் ஒரு ஸ்பனர் இருந்தது.

மூட்டைகளை விறாந்தைக்கு இழுத்தேன்.
மெயின் வால்வைப் பூட்டினேன்.
முழங்காலில் இருந்தேன்,
வேலையில் இருக்கிறது போலவே.
கவசம் இல்லை, முகமூடி இல்லை,
தோளில் ஒரு துவாய் மட்டும்.

மிதிவெடி எடுக்கிற வேலையில்
முதல்நாளே படிப்பிப்பது: பலம் பாவிக்காதே.
இறுக்கமாய் ஏதும் தட்டுப்பட்டால்
கையை எடு. ஆளைக் கூப்பிடு.
ஏழு வருசமாய் இந்தக் கை அப்படித்தான் சாப்பிட்டது.

ஸ்பனரைக் கொழுவி அமத்தினேன்.
இறுக்கமாய்த் தட்டுப்பட்டது.
கை தானாக எடுபட்டது.

திரும்பவும் அமத்தினேன்.
திரும்பவும் எடுபட்டது.

வாசலில் நின்ற கயலினி,
"அம்மா, அது பைப்" என்றாள்.

தேசிக்காய்ப் புளி பிழிந்து ஊறவிட்டேன்.
ஒரு தேத்தண்ணி குடித்தேன்.
ஸ்பனர் பிடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி,
கண்ணை இறுக்கிப் பொத்தி,
முழு உடம்பையும் அதில் சாய்த்தேன்.

டக்.

கொஞ்ச நேரம் நான் எங்கும் இல்லை.

பிறகு துருத் தண்ணி மடி நிறையக் கொட்டியது.
மேல்தாங்கிக்கு வேறு வால்வு இருக்கிறதை
அடியோடு மறந்துபோயிருந்தேன்.
கயலினி சிரித்துச் சிரித்து
நெல்மூட்டையில் போய் விழுந்தாள்.

புதுப் பைப் சுவருக்குக் கொள்ளவில்லை.
அவர்களுடையது முக்கால், எங்களுடையது அரை.
நனைந்த சட்டையோடு ஸ்கூட்டியில் மல்லாவிக்குப் போனேன்.
"ஆர் அக்கா பூட்டுறது?"
ஹார்ட்வெயார்க் கடை நகுலேஸ் கேட்டான்.
"நான்தான்."
ஒரு கணம் பார்த்தான். பிறகு
ரெடியூசர் இரண்டு, வெள்ளை டேப் ஒரு சுருள்.
"டேப்பை வலப்பக்கமாச் சுத்துங்கோ."

வலம் என்றால் எனக்கு வலமா, பைப்புக்கு வலமா?
வீடு வந்த பிறகுதான் அந்த யோசனை.
முதல்தரம் பிழை. பூட்டப் பூட்டச்
சேலைத் தலைப்புப் போல் டேப் உரிந்து வந்தது.
இரண்டாம் தரம் ஒழுகியது,
பத்து எண்ண ஒரு துளி.
மூன்றாம் தரம் நூறு வரைக்கும் எண்ணினேன்.
துளி இல்லை. இன்னொரு நூறு எண்ணினேன்,
பழக்கதோசம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகமுன்
இந்தக் கை
இன்றைக்குப் படித்ததை மறக்கவேண்டும்.

மத்தியானம் இரண்டு மணி.
நீலத்தைத் திறந்தேன். கொதித்தது.
சிவப்பைத் திறந்தேன். அதுவும்.
கூரைமேல் கறுப்புத் தாங்கி
காலமையிலிருந்து வெயிலில் நிற்கிறது.
சுவருக்குள் வருவதோ ஒரே பைப்.

"சுடுதண்ணி வருதோ?" என்று புவனேசன் அண்ணை கேட்டிருந்தார்.
"வருது" என்று குரல் பதிந்து அனுப்பினேன்.
எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

மூட்டைகள் இன்னும் விறாந்தையில்தான்.
பின்னேரம் தண்ணி ஆறியபிறகு
கயலினி காதுவரைக்கும் அமிழ்ந்து கிடக்கிறாள்,
பெருவிரலால் சிவப்புப் பொட்டைச் சுரண்டியபடி.